பிளைவுட் முடுக்கு

காலால் செய்கிற காரியத்துக்கு இத்தனை வாய் எதற்கு? நடப்பதற்கு ஒரு மேடையா, மேடைக்கு ஒரு பந்தலா, பந்தலின் மூலைக்கு மூலை ஒலிபெருக்கியா? முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிற இவர்களில் ஒருவராவது இன்றைக்கு எழுந்து நடப்பார்களா? அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. துப்பட்டிக்கு மேலே இந்த மஞ்சள் தொப்பி வேறு. இதை எப்போது கழற்றலாம், கழற்றினால் யார் கோபித்துக்கொள்வார்கள்?

இதில் ஒரு சொல்லைக்கூட ஆமிரா வெளியே விடவில்லை. யாராவது தன் பக்கம் திரும்பிப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினாள். காயல்பட்டினத்தின் பெரிய தெருவில் போட்ட பந்தலுக்குக் கீழே, பெண்கள் பகுதி என்று கயிறு கட்டிப் பிரித்த இடத்தில், முதல் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். அடுத்த நாற்காலியில் ஹாஜரா பீவி. ஆமிராவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அறுபதைத் தாண்டியவள். தன் மஞ்சள் தொப்பியை எப்போதோ கழற்றி விசிறியாக்கிக்கொண்டிருந்தாள்.

மேடையில் தொங்கிய பதாகை, 'கடலோர மரபு நடை மேம்பாட்டு மன்றம், தூத்துக்குடி. மாதாந்திர மக்கள் நடை: மூன்றாம் அமர்வு' என்று அறிவித்தது. முதல் அமர்வில் வரவேற்புரை முடிந்தபோது இருட்டிவிட்டது. இரண்டாம் அமர்வில் பொன்னாடைகளைப் போர்த்தி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அனுபவத்திலிருந்து பாடம் கற்கிற அமைப்பு என்பதால், மூன்றாம் அமர்வுக்கு மன்றம் மின்விளக்குகளோடு வந்திருந்தது.

மன்றத் தலைவர் மகாராஜன் மைக்கைப் பிடித்தார். துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மரபுக்கு வந்தவர்.

"நான் வருசக்கணக்கா நடையப் பத்திப் பேசிட்டு வாரேன். முட்டி தேஞ்சு போச்சு, நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனாலும் பேச்சுல நான் ஒரு கொறையும் வச்சதில்ல. நடக்குதவன் ஒரு தெருவத்தான் பாப்பான். உக்காந்திருக்கவன்தான் ஒட்டுமொத்த ஊரையும் யோசிப்பான். எங்க மன்றத்துல இன்னைக்கு வரைக்கும் நடந்து கால் சுளுக்குனவங்க ஒருத்தரும் கெடையாதுன்னு பெருமையோட சொல்லிக்கிடுதேன்!"

கைதட்டினார்கள். அடுத்து துணைத்தலைவர் அஃப்ஸல். உள்ளூர்க்காரர். ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்து திரும்பியபின் மன்றத்தின் காயல் கிளைக்குப் பொறுப்பேற்றவர்.

"எங்க ஊர்ப் பெண்களுக்குன்னே வீடுகளுக்குப் பின்னால முடுக்கு இருக்கு. அந்த முடுக்குல ஒரு ஆம்பள கால் வச்சது கெடையாது. இந்த ஊர்ல பொறந்து வளந்த நானே இன்னைக்கு வரைக்கும் எட்டிப் பாத்ததில்ல. அதனால சொல்லுதேன், அந்த முடுக்கோட அருமை பெருமை எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற ஒருத்தருக்கும் தெரியாது!"

இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மஃரிப் பாங்கு ஒலித்தது. கூட்டம் எழுந்தது. மின்விளக்குகள் வீணாகக் கூடாதென்று அவற்றின் வெளிச்சத்தில் நன்றியுரை நடந்தது. போகும்போது எல்லோர் கையிலும் லட்டும் மிக்சரும் போட்ட பொட்டலம் ஒன்றைத் திணித்தார்கள்.

"ஏளா ஆமிரா, சுகர் எறங்கணும்னு சொல்லித்தான நாம நடக்க ஆரம்பிச்சது?" என்றாள் ஹாஜரா பீவி, லட்டைப் பிட்டு வாயில் போட்டபடி. "நடக்காம இருக்கதுக்கு லட்டு குடுக்கான் பாரு இவன்."

ஆமிரா சிரித்தாள். பிறகு தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். இந்த மன்றத்தாரை உள்ளே விட்டது யார்? நான்தானே. எந்த இடத்தில் நான் சரி என்று சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

சர்க்கரையில்தான் எல்லாம் தொடங்கியது. "நடங்க" என்றார் டாக்டர். எங்கே என்று சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் கல்யாணமானாலும் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆமிராவின் வீடு அவள் உம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது. அவள் கணவன் மூஸா அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, அங்கிருந்து சவூதியில் தம்மாமுக்குப் போய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளியாக வந்து போய்க்கொண்டிருந்தார். ஆமிரா பிறந்ததும் அந்த வீட்டில்தான், மூச்சு நிற்கப்போவதும் அங்கேதான். முன்வாசல் தெருவுக்கு. பின்வாசல் முடுக்குக்கு.

முதுகோடு முதுகாக நிற்கிற இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற சந்துதான் முடுக்கு. இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒருத்தி தோளைத் திருப்ப வேண்டும். பலகை ஏதும் கிடையாது. சட்டமும் கிடையாது. வாயில் வரைக்கும் வந்துவிட்ட ஆண், எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவான், அவ்வளவுதான். உள்ளே பெண்கள் தலையில் துணி இல்லாமல், ஈரக் கூந்தலோடு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு பின்வாசலிலிருந்து இன்னொரு பின்வாசலுக்குப் போய்வந்தார்கள்.

ஆமிராவும் ஹாஜரா பீவியும் முதலில் தங்கள் முடுக்கிலேயே மேலும் கீழும் நடந்தார்கள். சில நாளில் ஹாஜரா பீவி நின்றுவிட்டாள்.

"இதே சொவர எத்தன தடவதான் பாக்கது? எனக்குத் தல சுத்துது. அடுத்த முடுக்குக்குப் போவோம்ளா."

அடுத்த முடுக்கு! வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அங்கே ஆமிரா போனதே கிடையாது. ஒவ்வொரு முடுக்கும் அந்தந்த வீட்டுப் பெண்களுக்கு. யாராவது வா என்று கூப்பிட்டால் போகலாம். சும்மா நுழைகிற வழக்கம் கிடையாது. ஆகவே அங்கே பின்வாசல் உள்ள ஒருத்தியிடம் சொல்லி, அவள் கூப்பிட, இவர்கள் போனார்கள். அடுத்த மாதம் இன்னொரு முடுக்கு, இன்னும் சில பெண்கள். பிறை பார்த்த முதல் வெள்ளி, அஸருக்குப் பிறகு என்று தானாகவே ஒரு முறை அமைந்துவிட்டது. ஒரு முடுக்கில் பின்கதவுகள் எல்லாம் ஒரே நீலம். எவளுடைய வாப்பாவோ கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். இன்னொன்றில் சுவருக்கு மேலே சாய்ந்த மாதுளை. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், பறிப்பவள் பாடவேண்டும் என்று அந்த முடுக்குக்காரிகள் வைத்திருந்தார்கள். ஹாஜரா பீவி பாடினாள். அதன்பிறகு அவளைப் பாடாமலே பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கிழக்கே ஒரு முடுக்கு நடுவில் சட்டென்று ஒடிந்து திரும்பியது. அந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தால், இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒரு கை அகலத்துக்குக் கடல்.

ஆமிரா கடலைப் பார்க்காதவளில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளோடு, மூஸாவின் கூடப்பிறந்த மச்சிமாரோடு, பாயும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு. அங்கே கடல் எல்லோருக்கும் முன்னால் விரிந்து கிடக்கும், அவள் யாருக்காவது டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். இங்கே ஒரு கை அகலம்தான். ஆனால் கையில் பிளாஸ்க் இல்லை. தலையில் துணி இல்லை. காற்று காதுக்குப் பின்னால் போயிற்று. பிறந்த ஊரில் இப்படி ஒரு இடம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்ற நினைப்பில், அவள் கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் நின்றாள். அதன்பிறகு மாதம் முழுவதும் அந்த வெள்ளிக்காகக் காத்திருந்தாள். சர்க்கரை இறங்கியது. அது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

அஃப்ஸலின் மனைவியும் அவர்களோடு வருபவள். ஒரு வெள்ளிக்கிழமை அஃப்ஸலுக்கு இஞ்சி டீ வருவதற்குத் தாமதமாயிற்று. ஏன் என்று விசாரித்ததில் அவர் ஒரு மரபைக் கண்டுபிடித்தார். மன்றத்துக்குத் தெரிவித்தார்.

மன்றம் சண்முகப்ரியாவை அனுப்பியது. திட்ட ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். சின்னப் பெண், நல்ல பெண். கொடுத்த இனிப்புத் தம்மடையைச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட விரலைத் துடைத்து, திரையைத் தொட்டாள்.

"மேடம், உங்க அமைப்போட பேரு?"

"அமைப்பா? அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா நடக்கோம்."

சண்முகப்ரியா பதிந்துகொண்டாள். 'சும்மா நடக்கோம் மகளிர் குழு' என்ற பெயரில் அன்றைக்கே ஒரு பதிவு எண் வந்துவிட்டது.

"நோக்கம்?"

"சுகர்தான்."

"வீட்டு உரிமையாளர் சாரோட சம்மதம் வேணும் மேடம். சார் பேரு?"

"வீடு எம்பேர்லதான் இருக்கு."

"சரி மேடம். அப்ப உங்க வீட்டுக்கு சாரோட சம்மதம்?"

ஆமிரா தம்மாமுக்குப் போன் போட்டாள். தன் பெயரில் இல்லாத வீட்டின் பின்னால், தான் போக முடியாத சந்தில், தான் இல்லாத ஊரில் மனைவி நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்று மூஸா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். மன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

எழுதி முடித்தபின் சண்முகப்ரியா டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு, "நெசமாவே அங்க என்ன இருக்கு மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அதனாலேயே ஆமிராவுக்குச் சொல்லத் தோன்றியது. நீலக் கதவுகளைச் சொன்னாள், மாதுளையைச் சொன்னாள். அந்தத் திருப்பத்தையும் அங்கே தெரிகிற கடலையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்ன வெட்கத்தில், "நீ ஒரு வெள்ளிக்கெழம வாயேன். பொம்பளப் புள்ளதான, கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"வரணும் மேடம். ஆனா தனியா போக அனுமதி கெடையாது. டீமோடதான் வரணும்."

"டீம்ல யாரு?"

"எல்லாரும் ஜென்ட்ஸ் மேடம்." பிறகு டேப்லெட்டை எடுத்துக்கொண்டாள். "அப்ப, மன்றத்தோட சேந்து பண்ணலாமா மேடம்?"

"பாக்கலாம்" என்றாள் ஆமிரா.

அதுதான் அந்த இடம் என்று அவளுக்கு மெல்லத்தான் தெரிந்தது. 'பாக்கலாம்' என்பதுதான் ஆமிரா வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த மறுப்பு. மூஸா இன்னொரு கான்ட்ராக்ட் போடட்டுமா என்றபோது அவள் பாக்கலாம் என்றாள், போட்டுவிட்டார். தையல் மிஷினை மச்சி கேட்டபோது பாக்கலாம் என்றாள், எடுத்துப் போய்விட்டாள். வேண்டாம் என்ற சொல் தொண்டைவரைக்கும் வரும். எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடும். சொந்த வீட்டில், தன் பெயரில் இருக்கிற சுவருக்குள் இருந்துகொண்டு, ஒருவருக்குக்கூட அவள் இல்லை என்று சொன்னதில்லை. சண்முகப்ரியாவின் திரையில் 'சம்மதம்' என்ற கட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி விழுந்தது.

இப்போது மூன்று அமர்வுகள் ஆகிவிட்டன. மன்றத்துக்குப் பிறைக் கணக்கு ஒத்துவராததால் நடை இரண்டாம் சனிக்கிழமைக்கு மாறியிருந்தது. பெண்கள் தங்கள் வெள்ளிக்கிழமையை விட்டுவிடவில்லை. ஆனால் நடை மெலிந்துபோயிருந்தது. பந்தலில் எடுத்த படம் செய்தித்தாளில் வந்த வாரம், மாதுளை முடுக்கில் இவர்கள் நுழைந்ததும் ஒரு பின்கதவு சாத்திக்கொண்டது. பிறகு இன்னொன்று. சத்தமே இல்லாமல், மரியாதையாக.

"ஏன் மாமி இப்பிடிப் பண்ணுதாங்க?" என்று கேட்டாள் ஆமிரா.

ஹாஜரா பீவி மாதுளையை நிமிர்ந்து பார்த்தாள், பறிக்கவில்லை.

"ஒங்கூட இன்னைக்கு நாங்க வாரோம், நாளைக்கு யாரு வருவாவன்னு அவளுவளுக்குத் தெரியலல்லா? கேட்டுக்க ஆமிரா. ஒன் பின்வாசல் வழியா ஒரே ஒரு ஆம்பளச் செருப்பு உள்ள வந்துச்சுன்னு வையி, அதுக்குப் பொறவு இந்த ஊர்ல ஒரு முடுக்கும் ஒனக்குத் தெறக்காது. ஒனக்கு மட்டும் இல்ல. அவளுவளுக்கும் அது முடுக்கா இருக்காது, வெறும் சந்தா ஆயிரும்."

இதற்கிடையில் மன்றத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார். முடுக்கில் நடந்து பார்த்துவிட்டு மன்றத்தை மாநில அளவில் உயர்த்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் ஆண். செயற்குழு கூடியது. பொருளாளர் லிங்கராஜ் தீர்வு சொன்னார். லிங்கராஜுக்குப் பாளையங்கோட்டை ரோட்டில் பிளைவுட் கடை.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள், சாப்பாட்டுக்கூடத்துக்கும் மணமேடைக்கும் நடுவில், ஒரு முடுக்கு நின்றது. முழுக்கப் பிளைவுட். சிறப்பு விருந்தினரும், இரு பக்கமும் தலைவரும் துணைத்தலைவரும், முன்னால் பின்நோக்கி நடக்கிற போட்டோக்காரரும் தாராளமாகப் போகிற அகலம். நுழைவாயிலில் வளைவு. சுவரெங்கும் பின்கதவுகள் வரைந்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அழைப்புமணி. கடைசியில் ஃபிளெக்ஸில் கடல். அந்தக் கடலில் டால்பின் துள்ளியது.

காயலிலிருந்து பெண்களை வேனில் அழைத்துவந்திருந்தார்கள். வரைந்த கதவுகளுக்கு முன்னால் அவர்கள் நிற்க வேண்டும் என்று சண்முகப்ரியா சொன்னாள்.

"இயல்பா பேசிக்கிட்டு இருந்தாப் போதும் மேடம்."

"இயல்பா பேசுனா ஒங்களப் பத்தித்தாம்மா பேசுவோம்" என்றாள் ஹாஜரா பீவி. "ஆம்பள வார முடுக்குல எனக்கென்ன வேல? சாப்பாட்டுக்கூடம் எங்கன இருக்கு?"

மற்ற பெண்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். ஆமிரா மட்டும் போகவில்லை. போகலாம் என்றுதான் கால் எழுந்தது, சண்முகப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். ஆகவே அடுத்து நடந்ததைப் பார்க்கிற பாக்கியம் அவளுக்குக் கிடைத்தது.

அசலைப் போலவே இருக்க வேண்டும் என்பதில் மன்றம் கண்டிப்பாக இருந்தது. அசலில் இல்லாத ஒரு பலகையை எழுதி அசல்தன்மைக்காக வளைவில் மாட்டியிருந்தார்கள்: 'ஆண்கள் உள்ளே வரக் கூடாது.' அதன் கீழே மண்டபத்து வாட்ச்மேன் அய்யாக்குட்டியை நிறுத்தியிருந்தார்கள். மேளம் முழங்க, கழுத்தில் ஏலக்காய் மாலையோடு சிறப்பு விருந்தினர் வந்தார். அய்யாக்குட்டி கையை நீட்டி மறித்தான்.

"உள்ள போக்கூடாது சார்."

மேளம் நின்றது. மகாராஜன் முன்னால் வந்தார். "ஏலே, இவுக யாருன்னு தெரியுமா? வழிய விடு."

"ஆம்பளையள விடக்கூடாதுன்னு எழுதியிருக்கு அண்ணாச்சி."

"அது சும்மா மாதிரிக்கு எழுதுனதுலே!"

"அப்பம் நானும் மாதிரிக்குத்தான் நிப்பாட்டுதேன்" என்றான் அய்யாக்குட்டி. கையை மட்டும் எடுக்கவில்லை.

அவசரச் செயற்குழு அங்கேயே, நின்றபடி கூடியது. மன்ற வரலாற்றில் நின்றபடி நடந்த ஒரே கூட்டம் அதுதான். பலகையை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். மரபில் கைவைக்க முடியாது என்று அஃப்ஸல் தடுத்தார். கடைசியில் லிங்கராஜ் ஒரு ஆளைக் கடைக்கு அனுப்பிப் பெயின்டும் பிரஷ்ஷும் கொண்டுவரச் செய்து, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மன்ற நிர்வாகிகளும் அவர்தம் விருந்தினரும் நீங்கலாக.' அய்யாக்குட்டி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

சிறப்பு விருந்தினர் உள்ளே போனார். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. "என்ன ஒரு அமைதி!" என்றார். வரைந்த கதவு ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "இந்தச் சுவர்கள் பேசுகின்றன. எத்தனை தலைமுறைப் பெண்களின் மூச்சு இது!" கையை எடுத்தபோது உள்ளங்கை நீலமாக இருந்தது, அந்த மூச்சு இன்னும் காயவில்லை. டால்பினுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஆமிராவைக் கண்டு, "நீங்க இந்த முடுக்கா?" என்று பரிவோடு விசாரித்தார்.

என்ன சொல்வது? நான் இந்த முடுக்கா? அவளுக்கு ஒரு விநாடி நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழிந்தது. பிறை தெரிந்த வெள்ளி. அஸர் முடிந்து, நடைக்காகப் பின்கதவின் தாழ்ப்பாளில் ஆமிரா கை வைத்த நேரத்தில் முன்வாசல் மணி அடித்தது. மகாராஜன், அஃப்ஸல், சண்முகப்ரியா. முன்னறையில் உட்கார்ந்தார்கள். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். பின்கதவுக்கு அந்தப் பக்கம், முடுக்கில், பெண்கள் கூடுகிற சத்தம் கேட்டது. ஹாஜரா பீவியின் இருமல் தனியாகத் தெரிந்தது.

"நல்ல சேதியோட வந்திருக்கோம்" என்றார் மகாராஜன். "நம்ம மாதிரி முடுக்கு அமோக வெற்றி. இனி அசல அதோட ஒப்பிட்டுப் பாக்கணும்லா? வாசிம்மா."

சண்முகப்ரியா திரையைப் பார்த்து வாசித்தாள். அசல் முடுக்கு பல வகைகளில் மாதிரியின் தரத்தை எட்டவில்லை. அகலம் போதாது. நுழைவாயில் வளைவு கிடையாது. கதவுகளுக்கு அழைப்புமணி இல்லை. வாசிப்பு அங்கே கொஞ்சம் தடுமாறியது. "கிழக்குப் பகுதியில் முடுக்கு காரணமின்றித் திரும்புகிறது. இக்குறைபாட்டை நேராக்கிச் சரிசெய்யலாம். கடல் தெரியும் இடைவெளியில் செல்ஃபி மேடை அமைக்கலாம்."

ஆமிரா அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டுக் கேட்ட ஒரு கேள்விக்கு, வெட்கத்தோடு கொடுத்த பதில் அது. அது இப்போது குறைபாடு என்ற தலைப்பில் இருந்தது.

"கொத்தனாரும் போட்டோகிராபரும் வேன்ல உக்காந்திருக்காங்க" என்றார் மகாராஜன். "தெருமுனை வழியா போனா ஊர்ல தேவையில்லாத பேச்சு வரும். ஒங்க பின்கதவத் தெறந்து விட்டியன்னா, அஞ்சு நிமிசம், அளந்துட்டு வந்துருவோம். ஒரே ஒரு நாள். முடுக்கு வாயில்ல ஒங்க பேரப் போட்டுக் கல்வெட்டு வைக்கோம்மா!"

"ஆம்பளைங்க கண்ண மூடிக்கிட்டே வருவோம்" என்றார் அஃப்ஸல், பெரிய சலுகையாக.

"கண்ண மூடிக்கிட்டு எப்பிடிக் காக்கா அளப்பிய?" என்று கேட்டாள் ஆமிரா, அவரை ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து.

அஃப்ஸல் போனை எடுத்து தம்மாமைக் கூப்பிட்டார். திரையில் மூஸாவின் முகம் தெரிந்தது. பின்னால் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமிரா, பெரிய மனுசங்க வீடு தேடி வந்து கேக்காங்க. ஒரு நாள்தான. தெறந்து விடேன். என்ன இப்பம்?"

வழக்கமான அந்தச் சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. பழகிய சொல், எதிரில் இருப்பவர் முகம் சுருங்காது, எல்லோரும் டீயைக் குடித்துவிட்டு எழுவார்கள், கதவு திறந்துகொள்ளும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் தலையில் துணி இல்லை என்று ஆமிராவுக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு முகம் சுருங்கத்தான் போகிறது. இத்தனை நாள் அவள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதெல்லாம் முன்னறையில் உட்கார்ந்திருக்கிற முகங்களை மட்டும்தான்.

"நீங்க எப்ப வந்தாலும் ஒங்களுக்கு முன்வாசல் தெறந்திருக்கும்" என்றாள் போனைப் பார்த்து. குரல் உயரவில்லை. "பின்வாசல் நான் தெறந்து விடுததுக்கு இல்ல."

மூஸா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "இங்க சிக்னல் சரியில்ல காக்கா" என்றார் பிறகு, மிகத் தெளிவாக. திரை இருண்டது.

மகாராஜன் அந்தப் பேச்சின் மிச்சம் வருமென்று காத்திருந்தார். இவ்வளவு சின்னப் பேச்சை அவர் தம் பொதுவாழ்வில் கேட்டதில்லை. "யோசிச்சு சொல்லுதியளாம்மா? அடுத்த அமர்வுல வச்சுக்கிடுவமா?"

"இல்ல அண்ணாச்சி. டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், அஃப்ஸலும் எழுந்தார். வேன் தெருமுனையில் நின்றதால் அதுவரைக்கும் போக வேண்டியிருந்தது. தலைவரும் துணைத்தலைவரும் பக்கத்தில் பக்கத்தில், பேச்சில்லாமல், தெருவின் இரு பக்க வீடுகளையும் பார்த்தபடி போனார்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நடந்த முதல் நடை அதுவாகத்தான் இருக்கும்.

சண்முகப்ரியா மட்டும் வாசலில் நின்றாள். செருப்பில் பாதிக் கால்.

"சாரி மேடம்" என்றாள். பின்கதவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பழக்கம்போல டேப்லெட்டை நிமிர்த்தினாள். "இத க்ளோஸ் பண்ணணும் மேடம். என்னன்னு போட? பாக்கலாம்னு போட்டுரவா?"

"நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்னு போடு."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளினாள். "அப்பிடி ஒரு கட்டம் இதுல இல்ல மேடம். சம்மதம் இருக்கு. பரிசீலனையில் இருக்கு. அவ்வளவுதான் குடுத்திருக்காங்க."

"அப்பக் காலியாவே கெடக்கட்டும் கண்ணு" என்றாள் ஆமிரா.